சோத்தாங்கை

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடுகிறது. இந்த ஆஸ்பத்திரியில் அதற்கு மட்டும் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பையைக் கீழே வைக்கலாம், யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால்தான் என்ன இருக்கப்போகிறது, ஃபிளாஸ்க்கும் ஸ்கேன் படமும்.

இப்போது மொட்டை போட்டு உள்ளே அழைத்துப்போனார்களே, அவர் உங்கள் வீட்டுக்காரரா? பார்த்தேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். மொட்டைக்கெல்லாம் அழாதீர்கள். மூன்று மாதத்தில் முளைத்துவிடும். எங்கள் வீட்டுக்காரருக்கும் போன கார்த்திகையில் இதே அறையில்தான் போட்டார்கள். எங்கள் இந்து பிறந்தபோது சமயபுரத்துக்கு அவர் மொட்டை போடுவதாக நான் வேண்டிக்கொண்டேன். "நீ வேண்டிக்கிட்டதுக்கு நீ போட்டுக்க" என்று நாற்பது வருஷம் தப்பித்துக்கொண்டு திரிந்த மனிதர். இங்கே ஒரு நர்ஸ் பெண் மெஷினோடு வந்து நின்றதும் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே, "ஆத்தா, இதையே உனக்குப் போட்டதா எடுத்துக்க" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய?

குணமாகுமா என்றா கேட்கிறீர்கள்? ஆகும். நன்றாகவே ஆகும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை வேறு. எந்தக் கை என்று சரியாகச் சொல்லியிருக்கிறீர்களா? ஒரு தடவைக்கு ஒரு கைக்குத்தான் செய்வார்கள், தெரியும் அல்லவா? வலது கைதானே? எழுதிக் கொடுத்தாயிற்றா? யார் எழுதியது, நீங்களா, அவரா?

அவரா. சரி. பயப்படாதீர்கள். எல்லோரும் எங்கள் வீட்டு மனிதர் மாதிரி இருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் இதோ இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரோடு உட்கார்ந்திருக்கிறார். பத்து மாதம் ஆகிவிட்டது, இனி மற்ற கைக்கும் செய்யலாமா என்று பார்க்க வரச்சொன்னார்கள். மற்ற கை என்றால் வலது கை. ஆமாம், வலது கை இன்னும் ஆகவில்லை. போன தடவை எது ஆயிற்று என்றால், அதைத்தான் சொல்ல வருகிறேன். இந்தத் தடவை வலது கைக்குச் செய்துகொள்ளாமல் திருச்சிக்கு ரயில் ஏற மாட்டேன் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறேன்.

அவர் பெயர் கனகசபை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வரைபடம் போடுகிற வேலை. முப்பத்தாறு வருஷம் கோடு போட்ட கை. ரிட்டயர் ஆகி மூன்று வருஷத்தில் நடுக்கம் வந்தது. சும்மா மடியில் வைத்திருந்தால் இரண்டு கையும் பூனைக்குட்டி மாதிரி படுத்திருக்கும். ஒரு டம்ளரை எடுக்கப் போனால் போதும், ஆரம்பித்துவிடும். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் காபி கொடுத்தார்கள். டம்ளரும் டவராவும் சேர்ந்து போட்ட தாளத்தில் புரோகிதர் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் என் காதருகே வந்து, "அண்ணி, அண்ணன் எப்போலேர்ந்து?" என்றாள்.

"எப்போலேர்ந்து என்ன?"

"காலையிலேயேவா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காபியைக் குடிக்கவே வழியில்லாத மனிதரைப் போய்க் குடிகாரர் என்று! அன்றிலிருந்து அவர் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அப்புறம் வீட்டிலும் சாதம் தட்டிலிருந்து வாய்க்குப் போகிற வழியில் பாதி சட்டையில் இறங்கிவிடும். நானே ஊட்ட ஆரம்பித்தேன். ஆறு வருஷம், மூன்று வேளையும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்பாள் இந்து, அவள் கிடக்கிறாள். சாம்பாருக்கு ஏழு உருண்டை, மோருக்கு ஐந்து, ரசத்துக்கு மட்டும் ஸ்பூன். எது போதும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள்கூட இன்னும் வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. வாயில் சாதம் இருக்கும்போது எப்படிக் கேட்பார்? அந்த ஆறு வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. அவ்வளவு ஒற்றுமை.

இந்துதான் பெங்களூரிலிருந்து இந்த வைத்தியத்தைப் பற்றி விசாரித்துச் சொன்னாள். எங்கள் பெண். ஒரே பெண். டாக்டர் சின்ன வயசுக்காரர், நாகர்கோவில் பக்கம், நிதானமாகப் பேசுவார். உங்களுக்கும் அவர்தானே?

"தலையைத் திறக்க மாட்டோம்மா. கத்தி இல்ல, தையல் இல்ல. சத்தம்தான்" என்றார்.

"சத்தமா?"

"காதுக்குக் கேக்காத சத்தம். ஆயிரம் இடத்துலேர்ந்து தலைக்குள்ள அனுப்புவோம். தனித்தனியா ஒண்ணும் பண்ணாது. எல்லாம் ஒரே இடத்துல போய்ச் சேரும்போதுதான் சூடு உண்டாகும். மிளகைவிடச் சின்ன இடம். நடுக்கத்தைக் கிளப்பிவிடுறது அந்த இடம்தான். அதை மட்டும் அணைச்சிடுவோம்."

"ஆயிரம் பேர் சொன்னாத்தான் ஒருத்தருக்கு உறைக்கும்ங்கற மாதிரியா டாக்டர்?"

"எங்க வீட்ல இவ ஒருத்தி சொன்னாலே சூடாயிடும் டாக்டர்" என்றார் இவர்.

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்படியெல்லாம் பேசுகிற மனிதர்தான். முக்கியமான இடத்தில்தான் வாயைத் திறக்க மாட்டார்.

"சார், எந்தக் கைக்குப் பண்ணலாம்?" என்று டாக்டர் கேட்டார். நான், "சோத்தாங்கைக்குத்தான் டாக்டர், வேற எதுக்கு?" என்றேன். "சாருக்கும் அப்படித்தானே?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்தவை மாதிரி. பிறகு தலையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வீர்கள்? சரி என்றுதானே?

வைத்தியத்தன்று நான்கு மணி நேரம் இங்கே உட்கார்ந்திருந்தேன். உள்ளே தலைக்கு ஒரு வளையம் மாட்டி, அசையாமல் நான்கு இடத்தில் முடுக்கி, குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற தொப்பி ஒன்றைப் போட்டு, குகைக்குள் தள்ளுவது மாதிரி தள்ளுவார்கள். மயக்க மருந்து கிடையாது. ஒவ்வொரு தடவை அந்தச் சத்தத்தை அனுப்பிவிட்டு வெளியே இழுத்து, ஒரு தாளில் கொசுவர்த்திச் சுருள் மாதிரி கோடு போடச் சொல்வார்கள். கோடு திருந்தி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்வது. நல்ல வைத்தியம்தான். பரீட்சை எழுதிக்கொண்டே பாடம் படிக்கிற மாதிரி.

வெளியே தள்ளுநாற்காலியில் வந்தார். நெற்றியில் முடுக்கிய தழும்பு, இளநீர் மாதிரி தலை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாண போட்டோவில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. கையில் இருந்த தாள்களை என்னிடம் நீட்டினார். முதல் தாளில் ஒரு எறும்பு மைக்கூட்டில் விழுந்து எழுந்து போயிருந்தது. கடைசித் தாளில் அச்சு அசல் கொசுவர்த்திச் சுருள். கொளுத்தினால் எரியும். "என்னங்க" என்று அவருடைய வலது கையைப் பிடித்தேன். அது என் கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி துள்ளியது.

தாளை நீட்டிய கையைப் பார்த்தேன். இடது கை. அது சிலை மாதிரி நின்றது.

நான் கத்தியதை இந்த மாடி முழுக்கக் கேட்டிருப்பார்கள். "கையை மாத்திப் பண்ணிட்டீங்களே பாவிங்களா!" என்றேன். செக்யூரிட்டி வந்தார். நர்ஸ் பெண்கள் ஓடி வந்தார்கள். டாக்டர் ஃபைலோடு வந்து, "மாத்தலைம்மா, இதைப் பாருங்க" என்று ஒரு காகிதத்தைக் காட்டினார். கோணல் கோணலாக, ஒவ்வொரு எழுத்தும் மழையில் நனைந்த கோழி மாதிரி: 'என் இடது கைக்குச் செய்யவும். இது என் விருப்பம். கனகசபை.' முதல் நாள் சாயங்காலம் நான் கீழே கேன்டீனுக்குப் போயிருந்த இருபது நிமிஷத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மூணு தடவை கேட்டோம்மா. ஸ்கேனெல்லாம் மறுபடி பாத்து, மறுபக்கத்துக்குத் திட்டம் போட்டுத்தான் செஞ்சோம்."

"என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?"

"கை அவரோடதாச்சேம்மா."

அவரோடதாம். ஆறு வருஷமாக அந்தக் கை செய்ய வேண்டிய வேலையை யார் செய்தார்கள் என்று நான் கேட்டேன். இவர்தான் பதில் சொன்னார்.

"கத்தாத சுலோ. எனக்கு இதுதான் கை."

எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இடது கையைக் காட்டி எனக்கு இதுதான் கை என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் கேரம் போர்டு என்று நினைத்தேன். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் இவர் கேரம் சாம்பியன். எழுதுவது, சாப்பிடுவது, பூசை, கைகொடுப்பது எல்லாம் வலது கையில். ஸ்ட்ரைக்கரை மட்டும் இடது கையால் அடிப்பார். கேட்டால், "இங்கதான் யாரும் கேக்கறதில்ல" என்று ஒரு பதில். சரி, மனிதருக்குக் கேரம் பைத்தியம், அதற்காகக் கையையே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று உறவில் எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ஊருக்குப் போய்ப் பத்து மாதத்தில் அந்த போர்டை அவர் தொடவில்லை. பீரோவுக்குப் பின்னால் சிலந்திதான் விளையாடிக்கொண்டிருக்கிறது.

பிறவியிலேயே அவருக்கு இடது கைதான். எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணமான முதல் வாரமே சொன்னார். சாப்பிடும்போது அவருடைய அப்பா அந்தக் கையைத் துண்டால் ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுவாராம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் அடிப்பாராம். ஏழு வயதுக்குள் சரியாகிவிட்டது. "நல்லவேளை, திருத்திட்டாங்க" என்றேன் நான். புதுப்பெண், இருபத்திரண்டு வயது, பி.ஏ. தமிழ். பின்னே என்ன சொல்வேன்? நாலு பேர் இருக்கிற இடத்தில் இலையில் பீச்சாங்கையை வைத்தால் என்ன மரியாதை? அவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்துவுக்கும் அதே கை. மூன்று வயதில் பார்த்தேன், எதை எடுத்தாலும் இடது. நான் கட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. என் மாமியார் மிளகாயைத் தடவச் சொன்னார், நான் அதைக்கூடச் செய்யவில்லை. அவள் கவுன்களில் இடது பக்கக் கை நீளமாக வைத்து, நுனியை மட்டும் தைத்துவிட்டேன். அவ்வளவுதான். அழகாகத் தைத்தேன், ஓரத்தில் ரிப்பன் வைத்து. ஆறு மாதத்தில் சோத்தாங்கைக்கு வந்துவிட்டாள். அந்த வருஷம்தான் அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்க ஆரம்பித்தது. அது வேறு விஷயம். அவர் குடும்பத்தில் ஒரு சித்தப்பாவுக்குத் திக்கும்.

இவர் அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவை, "விடேன் சுலோ" என்றார். "உங்களைத் திருத்தினாங்களே, நீங்க கெட்டாப் போயிட்டீங்க?" என்று கேட்டேன். பென்சிலைப் பார்த்துக்கொண்டார்.

திருச்சிக்குப் போன முதல் நாள். நான் வழக்கம்போலத் தட்டில் பிசைந்துகொண்டு உட்கார்ந்தேன். "எனக்குத் தனியா போடு" என்றார். போட்டேன். அந்தக் கையை, இடது கையை, சாதத்தில் வைத்தார். நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டேன். எதிர்வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

"ஸ்பூனாவது வச்சுக்கங்க. இங்கிலீஷ்காரன் சாப்பிடற மாதிரின்னு சொல்லிக்கலாம்."

"ஸ்பூன் வேண்டாம்."

"ஏன், ஆறு வருஷம் ரசத்துக்கு ஸ்பூன்தானே?"

"சாதம் சுடுதுங்கறது வாய்க்குத் தெரியறதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரியணும் சுலோ. ஆறு வருஷமா எனக்கு நேரா வாய்க்குத்தான் தெரியுது."

நான் ஆற வைத்துத்தானே கொடுத்தேன்? எவ்வளவு ஊதியிருப்பேன்! அதைச் சொன்னேன். "ஆமாம், நீ நல்லா ஊதுவ" என்றார். இதில் கேலி இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று கேளுங்கள். அவர் இரண்டாவது தடவை சாதம் போடச் சொல்கிறார். தினமும். அப்படியானால் ஆறு வருஷமாக அரை வயிறா? வாய்விட்டுக் கேட்டேன். "நீ நிறுத்தினப்ப வயிறு ரொம்பிடுச்சுன்னு வச்சுக்குவேன்" என்றார். மறுநாளிலிருந்து அரை ஆழாக்கு அரிசி கூடப் போடுகிறேன். இப்போது வேளைக்கு அரைமணி நேரம் எனக்கு மிச்சமாகிறது. என்ன செய்வது என்று தெரியாமல் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். அந்தக் கைக்குச் சாப்பிடத் தெரிகிறது, அதுதான் ஆச்சரியம். யாரும் சொல்லித்தரவில்லை. அறுபத்தைந்து வருஷம் பக்கத்தில் சும்மா கிடந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது போல.

வீட்டுக்குள் என்றால் போகட்டும். வைகாசியில் கும்பகோணத்தில் என் அண்ணன் மகன் கல்யாணம். வருகிறேன் என்றுவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு விசேஷம். சந்தோஷப்படுவதா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வதா? கைப்பையில் ஒரு ஸ்பூன் எடுத்துப்போனேன். ரயிலில் கெஞ்சினேன், பஸ்ஸில் கெஞ்சினேன். "வயிறு சரியில்லைன்னு சொல்லிடுங்க, ரூமுக்குக் கொண்டுவந்து தரேன்" என்றேன்.

"எனக்கு வயிறு நல்லா இருக்கு" என்றார்.

முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இந்து. நான் எதிர்வரிசை ஓரமாக நின்றுகொண்டேன். ஸ்பூனை இலையோரம் வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் பேனா மாதிரி சொருகிக்கொண்டார். சாதம் விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய் விழுந்தது. இடது கையை வைத்தார்.

எதிர் இலையில் ஒருவர் திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாம்பார் வாளிக்காரர் அடுத்த இலைக்குப் போகாமல் அங்கேயே நிற்கிறார். என் பெரிய அண்ணி, மாப்பிள்ளைக்கு அம்மா, பட்டுச்சேலை சரசரக்க வந்தார்.

"என்னண்ணே இது? சின்னப் பிள்ளையாட்டம்? அந்தக் கையிலயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது ஜன்னல் கம்பியைப் பார்க்கிற பார்வை. கை இலையிலேயே இருந்தது, ஆனால் அசையவில்லை. நடுக்கம் போன கைதான், இருந்தாலும் நின்றுவிட்டது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்தால் நல்லது என்றும் நினைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இந்து பேசினாள். அவள் கூட்டத்தில் பேச மாட்டாள். பேச்சு நிறுத்தி நிறுத்தி வரும் என்பதால் தலையசைப்பிலேயே ஆபீசில் மானேஜராகிவிட்ட பெண்.

"அ... அத்தை. எனக்கும் இ... இந்தக் கைதான்."

சொல்லிவிட்டுத் தன் இடது கையை இலையில் வைத்தாள். அவளுக்கு அந்தக் கையால் சாப்பிடத் தெரியாது. நான்தான் மறக்கடித்துவிட்டேனே. பருப்பும் சாதமும் விரலிடுக்கில் வழிகிறது, முழங்கை வரைக்கும் ஓடுகிறது, பாதி மடியில். நாற்பது வயதுப் பெண், மூன்று வயதுப் பிள்ளை தின்கிற மாதிரி தின்கிறாள். இவர் அப்பளத்தை நொறுக்கி அவள் சாதத்தில் போட்டு, "இப்படிச் சேத்துப் பிடி, நிக்கும்" என்று சொல்லித்தருகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இந்துவுக்குச் சிரிப்பு மட்டும் திக்காது. அது எனக்கு மறந்தே போயிருந்தது.

நான் என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? ரசவாளியை வாங்கிக்கொண்டு நேரே அவர்கள் இலைக்கு முன்னால் போய் நின்றேன். முந்தானையைக் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொண்டு. மறைக்கத்தான் நின்றேன், வேறொன்றும் இல்லை. அண்ணியிடம் திரும்பி, "வலது கைக்கு இன்னும் வைத்தியம் ஆகலை அண்ணி, ஒரேடியா ஆடுது. அதான்" என்றேன். இந்துவுக்கு என்ன ஆடுகிறது என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை. "ஐயோ பாவம்" என்றார். அவ்வளவுதான், தீர்ந்தது. வாளிக்காரர் அடுத்த இலைக்குப் போனார். எதிர் இலைக்காரர் வாயை மூடினார். நம் ஜனங்கள் பாவம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் விட்டுவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் மண்டபத்து மாடியில் இந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, அந்த ம... மஞ்சக் கவுன் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"எந்தக் கவுன்?" என்றேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. மஞ்சள் இல்லை, இளம்பச்சை. ரிப்பன்தான் மஞ்சள்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அப்பா மாதிரி. என் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வலது கையும் சரியாகிவிட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை பாருங்கள். எல்லோரையும் போல அவரும் சோத்தாங்கையால் சாப்பிடலாம். நான் ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், முந்தானையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். இரண்டாவது தடவை செய்தால் சிலருக்குப் பேச்சு குழறலாம், நடை தடுமாறலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யோசித்தாயிற்று. இன்று காலை லாட்ஜிலிருந்து கிளம்பும்போது, "டாக்டர் கேட்டா சரின்னு சொல்லணும், தலையாட்டக் கூடாது" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன்.

இதோ, கதவு திறக்கிறது. உங்களைக் கூப்பிடுகிறார்களோ? இல்லை, என்னைத்தான்.

நான்தான் சிஸ்டர், கனகசபை வீட்டம்மா. என்ன? அவர் என்ன சொல்கிறாராம்?

கேட்டீர்களா இந்த அநியாயத்தை? டாக்டர் வலது கைக்குச் செய்யலாமா என்று கேட்டதற்கு, "அந்தக் கை எங்க அப்பாவும் அவளும் வச்சிருந்த கை. அவளைக் கேளுங்க" என்றாராம். சிஸ்டர் சிரிக்கிறாள். பத்து மாதம் முன்னால் கேட்காமல் எழுதிக் கொடுத்த மனிதர், இப்போது என்னைக் கேட்கச் சொல்கிறார்! எப்படி மாட்டிவிட்டார் பாருங்கள். இதோ வருகிறேன் என்று சொல்லும்மா சிஸ்டர், ஒரு நிமிஷம்.

ஒரு நிமிஷம்தான். என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், எழுந்துகொள்கிறேன். இல்லை, இருங்கள். உட்கார்ந்தே சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன் அல்லவா, அதில் எங்கேயோ இடித்தது. வலது கை சரியாகிவிட்டால் அண்ணி பாவம் என்று சொல்வாரா? அடுத்த கல்யாணத்தில், "அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்னண்ணே அந்தக் கையில?" என்பார். நாத்தனார் கேட்பாள். வாளிக்காரர்கள் நிற்பார்கள். இவரும் பாவம், இந்த வயதில் எத்தனை பேரைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்? நான்கு நாளில் இடது கையை மடியில் வைத்துக்கொள்வார்.

ஊர் கேட்பதற்கு முன்னால் வீட்டில் நான் கேட்பேன். முதல் வேளையே கேட்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

டாக்டரிடம் பேச்சு குழறும் என்று பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். அவர் நம்புவார். நியாயமான பயம்தானே? எங்கள் வீட்டில் ஒருத்திக்குத் திக்கியது போதும்.

இவர் நம்ப மாட்டார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும். வலது கை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கட்டும்.

இதோ வந்துட்டேம்மா.